டானியல் டீபோவும் கதைப் படிப்பும்

நூல் பயில்வதால் வரும் பயன் இருவகைப்படும். ஒன்று அறிவு, மற்றொன்று இன்பம். தேர்வு கருதி நாம் பயிலும் இலக்கணமும் தருக்கமும் முதல்வகையைச் சார்ந்தன. விடுமுறை அணுகியதும் நூல்நிலையத்தில் நம் கைகள் தாமே நாடிச் செல்லும் நூல்களோ வேறு. காதலர் இருவர் பிரிந்து அல்லலுற்று மீண்டும் கூடும் கதைகளும், கடலிலும் காட்டிலும் சிறையிலும் அகப்பட்டோர் உயிர்தப்பி மீண்ட மெய் வரலாறுகளுமே அவை.

இத்தகைய நூல்களை விரும்பிப் படிப்போரைப் பெரியோர் சிலர் கடிந்துரைப்பது உண்டு. காலம் வீணாகும் என்பர். கற்பனை என்பது பொய்யின் உடன்பிறப்பு என்பர். உள்ளம் மெலியும் என்றும் அஞ்சுவர். இக்கண்டனம் புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து தேசத்துப் பக்தியுள்ள கிறிஸ்தவர்களிடையே இது இன்னும் வன்மையாக வழங்கிற்று. அத்தகைய குடியொன்றிற் பிறந்து, குருத்துவப் பணிக்கென வளர்க்கப்பட்டு, வாணிகத்தில் நொடித்து, சிறையும் கண்டு, அறுபதாம் அகவையை அணுகிய காலத்தில் உலகமெல்லாம் உவந்து படிக்கும் கதையொன்றை இயற்றியவர் டானியல் டீபோ. இன்பங் கருதிப் படிக்கும் படிப்பு வீண்தானா என்னும் வினாவிற்கு அவருடைய வாழ்க்கையே தக்க விடை பகரும் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

டீபோ 1660-ஆம் ஆண்டை ஒட்டி லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் போ என்பவர் மெழுகுவத்தி வணிகர். குடும்பப் பெயர் ‘போ’ என்பதே. ‘டீ’ என்னும் முன்னடையைப் பிற்காலத்திற் சேர்த்துக்கொண்டவர் நம் ஆசிரியரே.

அவர் கண்திறந்து உலகைக் கண்ட காலமே துன்பக் காலம். ஐந்து வயதுக் குழந்தையாய் இருந்தபோது, 1665-ஆம் ஆண்டில், லண்டன் நகரைக் கொள்ளைநோய் வாட்டியது. பதிவேடுகளில் ஏறிய அளவிலேயே 68,596 பேர் அந்நோயால் மாண்டனர். அடுத்த ஆண்டிற் பெருந்தீ எழுந்து நகரின் பெரும்பகுதியைச் சாம்பராக்கிற்று. இவ்விரண்டினின்றும் தப்பிய குடும்பங்களுள் டீபோவின் குடும்பமும் ஒன்று. எனவே, உயிர்தப்பிய கதை என்பது அவருக்கு ஏட்டில் அறிமுகமான பொருளன்று; அடுப்பங்கரையிலே கேட்டு வளர்ந்த பொருள்.

அரசாங்கத் திருச்சபையின் வழிபாட்டு முறையை யாவரும் ஏற்றல் வேண்டுமென 1662-ஆம் ஆண்டிற் சட்டம் பிறந்தது. அதற்கு இணங்காத போதகர்கள் தம் பதவியைத் துறந்தனர். ஸாமுவேல் ஆன்ஸ்லி என்னும் போதகர் அங்ஙனம் விலகியபோது டீபோவின் பெற்றோரும் அவரோடு விலகினர். பிரிந்து நின்ற இக்கிறிஸ்தவர்கள் வேதாகமத்தை உயிரினும் மேலாகப் போற்றியவர்கள். அரசு ஒருநாள் தங்கள் வேதாகமத்தைப் பறித்துவிடக்கூடும் என்னும் அச்சம் அவர்களிடையே பரவிய காலத்தில், சிறுவன் டானியல் அதனைச் சுருக்கெழுத்திற் பெயர்த்தெழுதத் தொடங்கினான். மோசேயின் ஐந்தாகமங்களை எழுதி முடித்தபின் கை சோர்ந்து விட்டுவிட்டான். எழுதுகோலை விரைந்து ஓட்டும் பழக்கம் அவனிடம் அன்றே வேரூன்றியது போலும்!

பிரிந்தோருக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிற் பட்டம் பெற வழியில்லை. ஆதலின் டீபோ, நியூயிங்டன் கிரீன் என்னுமிடத்தில் சார்லஸ் மார்ட்டன் நடத்திய கல்விச்சாலையிற் சேர்ந்தார். பிற இடங்களில் லத்தீன் மொழியே பாடமொழியாய் ஆட்சி செலுத்திய அந்நாளில், மார்ட்டன் தம் மாணாக்கருக்கு ஆங்கிலத்திலேயே பாடஞ் சொன்னார். தாய்மொழியில் தெளிவாக எழுதும் ஆற்றல் டீபோவுக்கு அங்கே வாய்த்தது. தமிழ் பயிலும் நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருவதாகும்.

இல்லறமும் வாணிகமும்

குருத்துவப் பணியை விடுத்து டீபோ வாணிகத்தை மேற்கொண்டார். மேரி டஃப்லி என்னும் பெண்ணின்பால் அவர் உள்ளம் சென்றது. மணத்திற்கு முன் அவளுக்கு அவர் அளித்த காணிக்கை பொன்னன்று, பட்டன்று. பற்பல நூல்களைப் படித்துத் திரட்டிய சிறு வரலாறுகளைத் தம் கையாலேயே ஏடாக எழுதிக் கொடுத்தார். அதன் முகவுரையில் அக்காலத்துக் காதற்கதைகளின் வழக்கைப் பின்பற்றி, அவளுக்குக் கிளாரிண்டா என்றும் தமக்குப் பெல்மூர் என்றும் புனைபெயர் சூட்டினார். வேதாகமத்தைப் பெயர்த்தெழுதிய கையே காதற்கதையின் நடையிலும் மகிழ்ந்து விளையாடிற்று. உண்மை வரலாறும் காதல் நயமும் ஒரே ஏட்டில் அமைந்த அக்காணிக்கை, அவர் பின்னாளில் இயற்றவிருந்த நூல்களுக்கு முன்னறிகுறி எனலாம்.

1684-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மணம் நிகழ்ந்தது. 3,700 பவுன் சீதனமாக வந்தது. காலுறை வணிகத்தோடு அமையாது, டீபோ மது, புகையிலை முதலியவற்றிலும், கப்பற் காப்பீட்டிலும் பொருளை முடக்கினார். வாசனைப் பொருள் எடுக்கும் பொருட்டுப் புனுகுப் பூனைகளையும் வாங்கினார்! பிரான்ஸ் தேசத்தோடு நிகழ்ந்த போரிற் கப்பல்கள் பல அழிந்தன. 1692-ஆம் ஆண்டில் 17,000 பவுன் கடனோடு அவர் திவாலானார். முப்பத்திரண்டு வயதுடைய ஒருவருக்கு அது மலையனைய சுமை. மேரி அம்மையார் மனந்தளராது மக்களைப் பேணினார். புயலுக்குப் பின் புயலாக வந்த இன்னல்களினூடே அவ்விருவர் இல்லறம் 47 ஆண்டுகள் நிலைத்தது. டீபோவோ டில்பரி என்னும் ஊரிற் செங்கற் சூளையும் ஓட்டுத் தொழிற்சாலையும் அமைத்துக் கடனைச் சிறிது சிறிதாக அடைத்து வந்தார்.

சிறையும் புயலும்

1702-ஆம் ஆண்டின் இறுதியிற் பிரிந்தோரை அடக்க வேண்டுமெனக் கூறிய திருச்சபைத் தீவிரவாதிகளை எள்ளி அவர் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அவர்கள் பேசுவது போலவே பேசி, பிரிந்தோரை அடியோடு ஒழித்தலே தக்க வழியென அதில் எழுதினார். முதலில் அதனை மெய்யென நம்பியோர், பின்னர் அது ஏளனம் என்றறிந்து வெகுண்டனர். அரசு அவரைப் பிடித்து நியூகேட் சிறையில் அடைத்தது. 1703-ஆம் ஆண்டு ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களிலும், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டிப் பொதுமக்கள் முன் நிறுத்தும் தொழுமரத் தண்டனை அவருக்கு நிறைவேற்றப்பட்டது. அழுகிய முட்டைகளும் கற்களும் எறியப்படும் அவ்விடத்தில் மக்கள் அவருக்கு மலர்களைத் தூவினர் என்று சொல்வதுண்டு. ஆயினும் அவர் சிறையிலிருந்த காலத்திற் சூளை பாழாயிற்று. மீண்டும் வறுமை வந்து வாயிலில் நின்றது.

ராபர்ட் ஹார்லி என்னும் அரசியல் தலைவரின் முயற்சியால் நவம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். அத்திங்களின் இறுதியில் தென் இங்கிலாந்தை வரலாறு காணாத புயலொன்று தாக்கிற்று. கப்பல்கள் நொறுங்கின, மாலுமிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர், எடிஸ்டோன் பாறைமேல் நின்ற கலங்கரை விளக்கம் அதனைக் கட்டிய வின்ஸ்டன்லியோடு கடலில் மூழ்கிற்று. டீபோ செய்த செயல் அக்காலத்திற்குப் புதுமையானது. புயலிற் கண்டனவற்றை எழுதியனுப்புமாறு செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, பல ஊர்களினின்றும் வந்த கடிதங்களைத் தொகுத்து, 1704-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கார்ன்வால் கரையில் நங்கூரமிட்டிருந்த, வெள்ளீயம் ஏற்றிய சிறு கப்பலொன்று ஓர் ஆடவனையும் இரு சிறுவரையும் சுமந்தவாறே ஓரிரவில் வைட் தீவுவரை அடித்துச் செல்லப்பட்டுப் பாறைகளிடையே புகுந்து பிழைத்த செய்தி அதிலுள்ளது. மெய்யாகவே பிழைத்தோர் கூற்றுகளைக் கேட்கும் ஆவல் மக்கள் உள்ளத்தில் எத்துணை ஆழமானது என்பதை டீபோ அன்றே உணர்ந்தார்.

பின்னர் ஒன்பது ஆண்டுகள் ‘ரிவ்யூ’ என்னும் பத்திரிகையைப் பெரும்பாலும் தாமொருவரே எழுதி நடத்தினார். ஹார்லியின் ஒற்றராக ஸ்காட்லாந்து தேசத்திலும் பணியாற்றினார். இப்பகுதியை விரிப்பின் ஏடு இடங்கொடாது.

இரண்டு மெய் வரலாறுகள்

டீபோவின் பெருநூலுக்கு வித்திட்டனவாக ஆராய்ச்சியாளர் கருதும் மெய் வரலாறுகளுள் இரண்டனை இங்கே குறிப்பிடல் வேண்டும்.

முதலாவது, அலெக்ஸாண்டர் ஸெல்கிர்க் என்னும் ஸ்காட்லாந்து மாலுமியின் வரலாறு. தன் கப்பல் பழுதுற்றது எனத் தலைவனோடு பூசலிட்ட அவனை, 1704-ஆம் ஆண்டில், தென் அமெரிக்காவுக்கு மேற்கேயுள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளுள் ஒன்றில் தனியே விட்டுச் சென்றனர். துப்பாக்கியும், கோடரியும், கெண்டியும், வேதாகமமும் அவன் உடைமைகள். இரவில் எலிகள் காலைக் கடிக்க, பூனைகளைப் பழக்கி அவற்றை விரட்டினான். வெடிமருந்து தீர்ந்தபின் ஆடுகளை ஓடிப் பிடித்தான். நான்கு ஆண்டும் நான்கு திங்களும் கழிந்தபின், 1709-ஆம் ஆண்டில், வுட்ஸ் ராஜர்ஸ் என்னும் தலைவனுடைய கப்பல்கள் அவனை மீட்டன. பேச்சையே பாதி மறந்திருந்தான். ராஜர்ஸ் 1712-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலால் இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. அவன் வெறுத்து இறங்கிய கப்பலோ, அவன் அஞ்சியவாறே கடலிற் கெட்டது.

இரண்டாவது வரலாறு நம் நாட்டுக் கடலை அடுத்தது. ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன் தன் தந்தை தலைமை தாங்கிய கப்பலில் வந்தான். சோழமண்டலக் கரையிற் புயலால் பாய்மரம் ஒடிந்தமையின் அதைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தனர். அங்கே 1660-ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் இராஜசிங்கனுடைய ஆட்கள் அவர்களைச் சிறைப்பிடித்தனர். தந்தை அயல்மண்ணிலேயே இறந்தார். மகன் குல்லாய் பின்னியும், நெல்லைக் கடன் கொடுத்தும், சிறு வாணிகம் செய்தும் பத்தொன்பது ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். தன்னிடமிருந்த இரண்டு பக்தி நூல்களை நெட்டுருவாகும்வரை படித்தான். ஒருநாள் முதியவர் ஒருவரிடம், போர்த்துக்கீசியர் கொழும்பை விட்டகன்ற காலத்திற் கிடைத்த ஆங்கில வேதாகமம் ஒன்று இருக்கக் கண்டு, தான் பின்னிய குல்லாய் ஒன்றை விலையாக ஈந்து அதனைப் பெற்றான். 1679-ஆம் ஆண்டில் அநுராதபுரத்து வழியே காட்டாற்றைப் பின்பற்றி நடந்து, மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். இவனுடைய நூல் 1681-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டீபோ அதனை நன்கு பயின்றவர் என்பதற்கு, 1720-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘கேப்டன் ஸிங்கிள்டன்’ என்னும் கதையில் நாக்ஸின் வரலாறு சுருக்கமாகக் கூறப்பட்டிருத்தலே சான்று.

ராபின்ஸன் குரூஸோ

1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் ‘ராபின்ஸன் குரூஸோ’ வெளிவந்தது. விலை ஐந்து ஷில்லிங். எழுதியவர் பெயர் முகப்பில் இல்லை. குரூஸோ தானே தன் வரலாற்றை எழுதியதாக அது கூறிற்று. நான்கு திங்களுக்குள் நான்கு பதிப்புகள் வந்தன. பத்திரிகையொன்று அனுமதியின்றியே அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டது.

கதை யாவரும் அறிந்ததே. ஆதலின் ஓர் இடத்தை மட்டும் நோக்குவோம். கப்பலுடைந்து தீவில் ஒதுங்கிய குரூஸோ, துயரம் மேலிட்ட நிலையில் ஏடெடுத்து, வணிகர் பேரேட்டிற் பற்றும் வரவும் எழுதுவது போல, ஒருபுறம் தனக்கு நேர்ந்த தீமைகளையும் மறுபுறம் எஞ்சிய நன்மைகளையும் வரிசைப்படுத்துகின்றான். தனியனாய் விடப்பட்டான், ஆயினும் உயிரோடிருக்கின்றான். உடையில்லை, ஆயினும் நாடு வெப்பமானது. கூட்டிப் பார்க்கையில், எத்துணை இழிந்த நிலையிலும் நன்றி செலுத்துதற்கு ஏதேனும் ஒன்று எஞ்சும் எனக் காண்கின்றான். இக்கணக்கை வேறு எவரும் எழுதியிருத்தல் இயலாது. 17,000 பவுன் கடனோடு நொடித்துப்போன வணிகர் ஒருவரே எழுதக்கூடும். குளிர்காய்ச்சலிற் புகையிலை தேடிப் பெட்டியைத் திறக்கும் குரூஸோ, அதனுள் வேதாகமத்தைக் கண்டெடுத்துப் படிக்கும் இடமும் அத்தகையதே. தீவு வாழ்க்கை தம் சொந்த வாழ்க்கையின் சாயலே என்று டீபோ 1720-ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில் உணர்த்தியுள்ளார்.

எள்ளுவோரும் இருந்தனர். சார்லஸ் கில்டன் என்பவர் அவ்வாண்டிலேயே மறுப்பு நூல் எழுதி, காசுள்ள கிழவியர் எல்லாம் இதனை வாங்கிப் பக்தி நூல்களோடு சேர்த்துத் தம் சந்ததிக்கு வைத்துச் செல்கின்றனர் என்று பழித்தார். பழிப்பாக மொழிந்த அதுவே இன்று நமக்குப் புகழுரையாக நிற்கின்றது. எளியோர் தம் கைப்பொருளை ஈந்து, விரும்பிப் படித்து, மக்களுக்கும் வைத்துப்போன நூல் அது. பிரெஞ்சுப் பேரறிஞர் ரூஸோ 1762-ஆம் ஆண்டில் தம் ‘எமீல்’ என்னும் கல்வி நூலில், மாணவன் முதன்முதற் படிக்கத்தக்கது இந்நூலே என்று விதித்தார்.

காதலும் கொள்ளைநோயும்

குரூஸோவின் தீவிற் காதலுக்கு இடமில்லை. அக்குறையை நிறைவு செய்தாற்போல 1722-ஆம் ஆண்டில் ‘மால் பிளாண்டர்ஸ்’ வந்தது. நியூகேட் சிறையிற் பிறந்த பெண்ணொருத்தியின் கதை அது. செல்வனென்று எண்ணி அவள் ஒருவனை மணக்கின்றாள்; செல்வியென்று எண்ணி அவனும் மணக்கின்றான். இருவரும் வறியவர் என்பது வெளிப்படவே பிரிய நேர்கின்றது, அன்போ பிரியவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அதே சிறையில் ஒருவரையொருவர் கண்டு, நாடுகடத்தப்பட்டு, அமெரிக்க மண்ணில் உழைத்து உயர்ந்து, மனந்திரும்பி வாழ்கின்றனர். டீபோவின் காதற்கதை நிலவொளியில் நிகழ்வதன்று. கப்பலுடைந்தோர் இருவர் ஒரே பலகையைப் பற்றிக் கரையேறுவது போன்றது.

அவ்வாண்டிலேயே லண்டன் கொள்ளைநோயைக் கண்கூடாகக் கண்டான் ஒருவன் கூறுவது போன்ற நூலும் வெளிவந்தது. நோய்க் காலத்தில் டீபோ ஐந்து வயதுக் குழந்தை. எனினும் மரணப் பதிவேடுகளையும் பழைய செய்திகளையும் தேர்ந்து, தெருத்தெருவாக நம்மை அழைத்துச் செல்கின்றார். கொரோனா நோயால் 2020-ஆம் ஆண்டில் அடைபட்ட கதவுகளுக்குள் வாழ்ந்த நமக்கு, அந்நூல் மூன்று நூற்றாண்டுப் பழமையுடையதென்றே தோன்றாது.

குறைகள்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் முறையன்று. டீபோ புனைந்ததை மெய்யென்று விற்றார். ஒருகாலத்தில் எதிர்க்கட்சிப் பத்திரிகைகளிற் கரவாகப் பணிபுரிந்தார். அவர் படைத்த குரூஸோ, தன்னோடு அடிமைத்தளையினின்று தப்பிய ஸூரி என்னும் சிறுவனை விற்றுவிடுகின்றான். அடிமைகளைக் கொண்டுவரச் சென்ற பயணத்திலேயே அவன் கப்பல் உடைகின்றது. அவ்விடங்களில் நம் உள்ளம் அவனோடு செல்ல மறுத்தல் வேண்டும். இன்பத்திற்காகப் படிப்பவனும் மனச்சாட்சியை மூடிவைத்துப் படித்தல் ஆகாது.

இறுதியும் நினைவுக் கம்பமும்

பழைய கடனொன்று அவரை முதுமையிலும் விடவில்லை. வழக்கிட்டோர்க்கு அஞ்சி மனைவி மக்களை விட்டு மறைந்து வாழ்ந்த அவர், 1731-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் லண்டனில் ஒரு வாடகை அறையில் உயிர்நீத்தார். குரூஸோ வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு ஒரே நாள் குறைந்தது. தனித் தீவைப் படைத்தவர் மாநகரின் நடுவே தனியராய் மாண்டார். பிரிந்தோரின் கல்லறைத் தோட்டமாகிய பன்ஹில் பீல்ட்ஸில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பதிவேட்டில் அவருடைய பெயரைக்கூடப் பிழையாக எழுதினர்.

நூற்று நாற்பது ஆண்டுகள் அணுகின. கிறிஸ்தவப் பத்திரிகையொன்று, குரூஸோவின் கதையைப் படித்து மகிழ்ந்த இங்கிலாந்துச் சிறுவர் சிறுமியர் அவர் கல்லறைக்குப் பொருளுதவுமாறு வேண்டிற்று. ஏறக்குறைய 1,700 பேர் தம் சிறு காசுகளை அனுப்பினர். 1870-ஆம் ஆண்டில் எழில்மிக்க கற்கம்பம் எழுந்தது. கடன்காரர்க்கு அஞ்சி ஒளிந்தவருக்கு, அவரிடம் இன்பக் கடன் பட்டிருந்த குழந்தைகள் தங்கள் கடனைச் செலுத்தினர்!

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். டீபோ தம் ஐந்தாம் வயது முதல் கண்ட துன்பங்களிற் பெரும்பாலன பயனற்றுக் கழிந்திருத்தல் கூடும். அவையனைத்தும் பிறர் விரும்பிப் படிக்கும் கதைகளாய் மாறியமையின், முன்பின் அறியாத எண்ணிறந்த மக்களுக்கு ஊக்கமாயின. காதற்கதையிலும், உயிர்தப்பிய வரலாற்றிலும் நாம் நாடுவது ஒன்றே: இருள் எத்துணை நீண்டதாயினும் முடிவுண்டு என்னும் நம்பிக்கை. அந்நம்பிக்கை பாடநூல்களில் எப்போதும் கிடைப்பதன்று.

ஆகவே கதை நூலை அளத்தற்கு உரிய கோல் அது தரும் இன்பத்தின் அளவன்று. மூடிவைத்தபின் நம்மை எந்நிலையில் விடுகின்றது என்பதே. நூலை வைத்துவிட்டு எழுபவன் தன் கடமையின்பால் முன்னிலும் மிக்க துணிவோடு செல்வானாயின், அப்படிப்பு வீண் அன்று. கடமையை வெறுத்து மீண்டும் மீண்டும் நூலுக்குள் ஒளிவானாயின், பெரியோர் கடிந்துரைத்தல் தகும். இக்கோலை நம் மாணவத் தோழர்கள் தாமே கையிற்கொண்டு நூல்களைத் தேர்வாராக. ஆசிரியப் பெருமக்களும் கதை நூல் தாங்கிய கைகளைக் கண்டவிடத்துச் சினவாது, எக்கதை எனக் கனிந்து வினவுவாராக!